முட்டையில் 0 என்று போட்டால் கோழிக்கு வலிக்காதா?

ஐரோப்பாவில் எந்தக் கடையில் முட்டை வாங்கினாலும் அதன் ஓட்டில் சின்னதாக ஒரு முத்திரை இருக்கும். அதில் வரும் முறை எண்தான் முக்கியம். 3 என்றால் கூண்டுக்கோழி. 2 என்றால் கூண்டில்லாமல் ஷெட்டுக்குள்ளேயே திரியும் கோழி. 1 என்றால் ஃப்ரீ ரேஞ்ச், அதாவது வெளியே போய் மேய வழியுள்ள கோழி. 0 என்றால் ஆர்கானிக். (எண்ணிக்கையை பூஜ்யத்தில் ஆரம்பிச்சிருக்கிறதைப் பார்த்தா, அந்தக் கமிட்டியில் நம்ம ஆள் எவனோ இருந்திருக்கணும் :-))

இங்கே இங்கிலாந்தில் இருக்கிற நம்ம மக்கள் நிறைய பேருக்கு 1 அல்லது 0 பார்த்து வாங்கிவிட்டால் மனசுக்குள் ஒரு நிம்மதி. "நாங்க ஃப்ரீ ரேஞ்ச்தான் சாப்பிடுறோம்" என்று சொல்லும்போது முகத்தில் திருப்பதி போய் வந்த களை. அடுத்த கேள்வி கேட்டால் ஒரே பதில்: "கோழி வெளியே மேயுதுல்ல? அப்புறம் என்ன?"

இந்த "அப்புறம் என்ன"தான் இன்றைய பதிவு. அப்புறம் நிறைய இருக்கு மக்களே.

முதலில் ஒரு டிஸ்கி. நான் கூண்டுக்கு வக்கீல் இல்லை. ரூத் ஹாரிசன் என்ற அம்மையார் 1964-ல் 'அனிமல் மெஷின்ஸ்' என்ற புத்தகத்தை எழுதி இங்கிலாந்தையே உலுக்கினார். அடுத்த வருஷமே பிராம்பெல் கமிட்டி அறிக்கை வந்தது. அங்கே ஆரம்பித்த போராட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999-ல் சட்டமாகி, 2012 ஜனவரி 1 முதல் பழைய வெறுங்கூண்டுகள் ஒழிந்தன. அந்தக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைத்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். உங்க ஆபீஸ் பிரிண்டரில் இருக்கிற ஏ4 தாள் சுமார் 624. அந்தத் தாளை விடச் சின்ன இடத்தில் ஒரு பறவை ஒரு வருஷத்துக்கும் மேல் நின்றுகொண்டே வாழ்ந்தது. இறக்கையை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, மறைவாகப் போய் முட்டையிட முடியாது. அதை ஒழித்தது பெரிய வெற்றி. அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

என் சண்டை வேறு இடத்தில். கூண்டைத் திறந்துவிட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்களே, அங்கே.

நம்ம தொழிலில் ஒரு வியாதி உண்டு. கிளையண்ட் கேட்ட ஸ்க்ரீன் எல்லாம் இருக்கிறதா என்று டிக் அடித்துவிட்டு ரிலீஸ் பண்ணிவிடுவார்கள். அந்த ஸ்க்ரீனை வைத்து யூசரால் ஒரு வேலையாவது முடிக்க முடிகிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். ஃப்ரீ ரேஞ்ச், ஆர்கானிக் விதிகளைப் படித்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. எத்தனை சதுர மீட்டர், எத்தனை வாசல், எத்தனை நாள் என்று எல்லாம் துல்லியமாக எழுதியிருக்கிறது. அந்தக் கோழிக்கு இறகு இருக்கிறதா, எலும்பு முழுசாக இருக்கிறதா, அது வெளியே போகிறதா என்பதைப் பற்றி மூச்சே இல்லை. பண்ணைக்காரர் என்ன கொடுத்தார் என்று கணக்கு எடுக்கிறோம். விலங்குக்கு என்ன கிடைத்தது என்று எடுப்பதில்லை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாசல் திறந்திருக்கு, யாரும் வெளியே வரல

ஐரோப்பிய விதிப்படி ஃப்ரீ ரேஞ்ச் கோழி ஒன்றுக்கு வெளியே 4 சதுர மீட்டர். ஆர்கானிக் கோழிக்கும் அதே 4. உள்ளே ஃப்ரீ ரேஞ்சில் சதுர மீட்டருக்கு 9 கோழி வரை, ஆர்கானிக்கில் 6 வரை. ஷெட்டிலிருந்து வெளியே போகும் சின்ன வாசல் 35 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலம் இருக்கணும், ஆயிரம் கோழிக்கு மொத்தம் 2 மீட்டர் திறப்பு இருக்கணும் என்று வரை அளவு சொல்லியிருக்கிறார்கள். சரி, அந்த வாசல் வழியாக எத்தனை கோழி வெளியே போகணும்? அதற்கு எண்ணே கிடையாது!

இங்கே ஃப்ரீ ரேஞ்ச் பண்ணை என்றால் கிராமத்து வீட்டுக் கொல்லையில் நாலு கோழி கிளறுகிற படத்தை மனதில் ஓட்டாதீர்கள். ஒரே ஷெட்டில் 16,000 கோழி என்பது சாதாரணம். எதிரில் பச்சைப் பசேல் என்று கிரிக்கெட் மைதானம் மாதிரி மொட்டைப் புல்வெளி. வாசலை ஒட்டிச் சில நூறு கோழிகள் நிற்கும். தூரத்துப் புல்லில் ஒரு கால் தடம்கூட இருக்காது. எந்த நேரத்தில் எண்ணினாலும் பெரிய கூட்டங்களில் வெளியே இருப்பது சிறுபான்மைதான் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

கோழிக்குச் சோம்பலா? இல்லை. கோழி அடிப்படையில் காட்டுப்பறவை. அதன் மூதாதையான செங்காட்டுக்கோழி நம் தெற்காசியக் காடுகளிலும் தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் புதரடியில் வாழ்வது. தலைக்கு மேல் மறைப்பு இல்லாத வெட்டவெளி அதற்குச் சுதந்திரம் இல்லை, பருந்துக்குப் போட்ட பந்தி. நம்ம ஊர் வீட்டுக்கோழியும் பருந்து நிழல் தரையில் ஓடினால் குஞ்சுகளோடு எங்கே ஓடும்? வேலிக்கடியில், வைக்கோல் போருக்கு அடியில். இதைத் தெரிந்துகொள்ள முனைவர் பட்டம் வேண்டாம், ஒரு பாட்டி போதும்.

தீர்வும் தெரிந்ததுதான். மரம் வை. புதர் வை. வாசலிலிருந்து தொடங்கி வரிசையாக நிழல் கொடு. மரம் உள்ள மேய்ச்சல் நிலத்தில் கோழிகள் அதிக தூரம் போகின்றன, நிலத்தைப் பரவலாகப் பயன்படுத்துகின்றன. இங்கிலாந்தில் மரத்தோப்பு முட்டை என்று தனியாக விற்றவர்களும் உண்டு. ஆனால் மரம் என்பது இன்றும் பெரும்பாலும் நல்ல மனசுக்காரர்கள் செய்யும் உபரி வேலை. சதுர மீட்டரைக் கட்டாயமாக்கியவர்களுக்கு நிழலை உருப்படியாக அளந்து கட்டாயமாக்கத் தோன்றவில்லை.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஆர்கானிக் விதி "வெளியே செல்ல வழி" என்று மட்டும் சொன்னது. உடனே பெரிய முட்டைக் கம்பெனிகள் ஷெட்டை ஒட்டிக் கம்பி வலை அடித்து, மேலே கூரை, கீழே சிமெண்ட் தரை போட்டுத் திண்ணை மாதிரி ஒன்று கட்டினார்கள். அதுதான் 'வெளியே'யாம்! ஒரு நாள்கூட மண்ணை மிதிக்காத கோழியின் முட்டை ஆர்கானிக் என்று விற்றது. இதை நிறுத்த 2017 ஜனவரியில் ஒபாமா அரசு புது விதி கொண்டுவந்தது. 2018-ல் டிரம்ப் அரசு அதை வாபஸ் வாங்கியது. மறுபடி 2023 நவம்பரில் பைடன் அரசு விதி வெளியிட்டது. அதிலும் ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருக்கும் முட்டைப் பண்ணைகள் வெளி இடத்தைச் சரிசெய்ய 2029 வரை அவகாசம். ஒரு கோழி மண்ணைத் தொட மூன்று ஆட்சி தேவைப்படுது பாருங்க.

பறவைக்காய்ச்சல் கதை இதைவிட வேடிக்கை. 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்தில் எல்லாக் கோழிகளையும் உள்ளேயே அடைக்க அரசு உத்தரவு. அது நியாயம், நோய் பரவினால் எல்லாம் செத்துப்போகும். பழைய விதிப்படி 16 வாரம் தாண்டினால் ஃப்ரீ ரேஞ்ச் என்று போடக்கூடாது, ஷெட் முட்டை என்று மாற்றிப் போடணும். அப்படித்தான் போட்டார்கள். பிறகு என்ன செய்தார்கள்? நீண்ட அடைப்பிலும் கோழிக்கு உள்ளே என்ன வசதி செய்யலாம் என்று யோசித்து அதை விதியாக்கினார்களா? அந்த 16 வாரக் கெடுவைத் தூக்கிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல், இங்கிலாந்து 2025 தொடக்கத்தில். இனி அடைப்பு உத்தரவு எத்தனை நாள் நீடித்தாலும் பெட்டியில் ஃப்ரீ ரேஞ்ச் என்றே இருக்கும். பண்ணைக்காரருக்கு நஷ்டம் வரக்கூடாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் காப்பாற்றப்பட்டது எது என்று யோசிங்க. பெட்டியில் உள்ள எழுத்து.

வெளியே விட்டாலும் அதே உடம்புதானே

அடுத்து, வெளியே விடுகிறோம் என்கிற அந்தக் கோழி யார்?

காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்து இருபது முட்டை இடும். பண்ணைக்கோழி முந்நூறுக்கு மேல். கூண்டுப் பண்ணைக்கும் ஆர்கானிக் பண்ணைக்கும் பெரும்பாலும் ஒரே கம்பெனிக் கலப்பினம்தான் போகிறது. உலக முட்டைக்கோழி இனப்பெருக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள் கையில். தினம் ஒரு முட்டை ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் எங்கிருந்து வரும்? தீவனம் போதாதபோது எலும்பிலிருந்து.

கோழியின் நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் படகின் அடிக்கட்டை மாதிரி ஒரு எலும்பு துருத்தி இருக்கும். பிரியாணி சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியும். டென்மார்க்கில் 40 பண்ணைக் கூட்டங்களில் 4,794 கோழிகளைச் சோதித்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முட்டைக்காலம் முடியும் நேரத்தில், கூண்டில்லாத கூட்டங்களில் 53 முதல் 100 சதவீதம் கோழிகளுக்கு அந்த எலும்பில் முறிவு. கூண்டுக் கூட்டங்களில் 50 முதல் 98. திரும்பப் படிங்க. நூறு கோழியில் ஐம்பதுக்குக் குறையாமல் நெஞ்செலும்பு உடைந்திருக்கிறது, கூண்டோ திறந்தவெளியோ. சின்ன உடம்பு, பெரிய முட்டை, சீக்கிரமே முட்டையிடத் தொடங்குவது, இதெல்லாம் முறிவோடு சேர்ந்து வருவதாக அவர்கள் கண்டார்கள். அதாவது பிரச்சினை வேலியில் இல்லை. கோழியின் உடம்புக்குள் எழுதப்பட்டிருக்கிறது. உங்க 0 முத்திரை அந்த எலும்பை ஒட்ட வைக்காது.

இறகு கொத்துதல் இன்னொன்று. ஒரு கோழி இன்னொன்றின் இறகைப் பிடுங்க ஆரம்பித்தால் அது தொற்று மாதிரி பரவும். முதுகு மொட்டை, அப்புறம் ரத்தம், அப்புறம் சாவு. பண்ணைக்காரர்கள் கண்டுபிடித்த வழி அலகின் நுனியை வெட்டுவது. அலகு என்பது கோழிக்கு வாய் மட்டும் இல்லை, அதுதான் கை, அதில் நரம்பு இருக்கிறது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்தில் இதைச் செய்வதில்லை. வெட்டாத அலகோடு கோழி வளர்க்க முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் சட்டமில்லாமலே தொழில் உடன்பாட்டில் நிறுத்தின. இங்கிலாந்து அரசோ 2015-ல் தடையைத் தள்ளிப்போட்டது. ஆக, இங்கே நீங்கள் ஆசையாக வாங்கும் சாதாரண ஃப்ரீ ரேஞ்ச் முட்டையை இடும் கோழிக்கு அலகு நுனி இன்ஃப்ராரெட் கதிரில் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆர்கானிக்காரர்கள் காலரைத் தூக்க வேண்டாம். உங்க வீட்டிலும் ஓட்டை இருக்கு. கோழிக்கு மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் கண்டிப்பாக வேண்டும். அது குறைந்தால் இறகு சரியாக வளராது, கொத்தலும் கூடும். சாதாரணப் பண்ணையில் செயற்கை மெத்தியோனினைத் தீவனத்தில் கலந்துவிடுவார்கள். ஐரோப்பிய ஆர்கானிக் விதியில் செயற்கை அமினோ அமிலம் கூடாது. ஏன் கூடாது? செயற்கை என்பதால். கோழிக்கு நல்லதா கெட்டதா என்பது கேள்வியே இல்லை. அமெரிக்க ஆர்கானிக்கில்கூட அளவு வைத்து அனுமதிக்கிறார்கள். அதிக முட்டையிடும் இனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய சத்தைக் கொள்கைக்காக மறுப்பது என்ன தர்மம்? ஒன்று குறைவாக முட்டையிடும் இனத்துக்கு மாறுங்க, இல்லை தீவனத்தைச் சரிபண்ணுங்க. 2021 முதல் பூச்சியிலிருந்து எடுத்த புரதத்தைக் கோழிக்கும் பன்றிக்கும் ஐரோப்பா அனுமதித்திருக்கிறது. கோழி புழு தின்பதைவிட இயற்கை வேற என்ன இருக்கு சொல்லுங்க.

அண்ணன் எங்கே?

முட்டை இடும் கோழிக்கு ஒரு அண்ணனோ தம்பியோ உண்டு. அவன் முட்டை இடமாட்டான். கறிக்கோழி இனமும் இல்லை, அதனால் சீக்கிரம் சதையும் போடமாட்டான். பொரிந்த அன்றைக்கே அவனைக் கொன்றுவிடுவார்கள். ஜெர்மனியில் மட்டும் தடைக்கு முன் வருஷத்துக்கு சுமார் 4.5 கோடி சேவல் குஞ்சுகள். 2022 ஜனவரி 1 முதல் அங்கே சட்டப்படி தடை, பிரான்சும் அதே பாதைக்கு வந்தது. ஆனால் ஐரோப்பிய ஆர்கானிக் விதி மட்டும் இதைத் தடுக்கிறதா என்றால், இல்லை. முட்டையில் 0 போட்டிருந்தாலும் அண்ணன் முதல் நாளே போயிருக்கலாம்.

முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்க்கும் தொழில்நுட்பம் ஒரு வழி. சேவலையும் வளர்த்துச் சில மாதம் கழித்துக் கறிக்குக் கொடுப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் காசு ஆகும், முட்டைக்குச் சில பைசா கூடும். அந்தச் சில பைசாவைத் தர மறுத்துவிட்டு "நான் மனிதாபிமான முட்டை சாப்பிடுகிறேன்" என்று சொல்லாதீங்க, அவ்வளவுதான்.

பன்றிக்கு வருவோம்

பன்றி என்றதும் மூக்கைப் பிடிக்கிற கூட்டம் நம்மில் அதிகம். மூக்கைப் பிடித்துக்கொண்டே படிங்க, தப்பில்லை.

இங்கிலாந்தில் தாய்ப்பன்றிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் திறந்தவெளியில் குட்டி போடுகின்றன. உலகத்தில் இது பெரிய விஷயம். கடையில் பாக்கெட்டில் மூன்று வார்த்தைகள் இருக்கும். வெளியில் பிறந்தது, வெளியில் வளர்ந்தது, ஃப்ரீ ரேஞ்ச். மூன்றும் ஒன்று என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 'வெளியில் பிறந்தது' என்றால் தாய் வெளியில் இருந்தது, குட்டி சுமார் நான்கு வாரம் வெளியில் இருந்தது, பால் மறந்ததும் ஷெட்டுக்குள் போய் மீதி வாழ்க்கை முழுக்க அங்கேதான். முதல் நான்கு வாரத்தைப் படம்பிடித்து முழு ஆயுளுக்கும் போஸ்டர் ஒட்டுகிறார்கள்.

ஆர்கானிக் பன்றி என்றால் புல்வெளி என்பதும் கற்பனைதான். ஐரோப்பிய விதிப்படி 85 முதல் 110 கிலோ எடையுள்ள பன்றிக்கு உள்ளே 1.3 சதுர மீட்டர், வெளியே 1 சதுர மீட்டர். அந்த வெளி இடம் சிமெண்ட் முற்றமாக இருக்கலாம். பல நாடுகளில் அப்படித்தான் இருக்கிறது. சாதாரணப் பண்ணையோடு ஒப்பிட்டால் வைக்கோல், வெளிச்சம், காற்று எல்லாம் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் மூக்கால் மண்ணைத் தோண்டுவதற்காகவே படைக்கப்பட்ட விலங்குக்கு சிமெண்டைக் கொடுத்துவிட்டுப் பாக்கெட்டில் பச்சைப் புல் படம் போடுவது என்ன நியாயம்?

எடின்பரோவில் ஸ்டோல்பா, வுட்-கஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பண்ணைப் பன்றிகளை மரமும் புதரும் ஓடையும் உள்ள ஒரு பரப்பில் விட்டு வருஷக்கணக்கில் கவனித்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் வளர்ந்த தாய்ப்பன்றி, குட்டி போடும் நேரத்தில் கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய், குழி தோண்டி, குச்சியும் புல்லும் சேர்த்துக் கூடு கட்டியது! அதாவது அந்த அறிவு உள்ளே அழியாமல் இருக்கிறது. குட்டி போடும் இரும்புச் சட்டத்துக்குள் அதைத் திரும்பக்கூட முடியாமல் நிற்கவைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஸ்வீடன், நார்வே, சுவிட்சர்லாந்து அந்தச் சட்டத்தைத் தடை செய்தன. மற்ற பல இடங்களில் இன்னும் ஓடுகிறது.

சரி, சட்டமே இல்லாத திறந்தவெளியில் குட்டிகள் நன்றாக இருக்கின்றனவா? இங்கேதான் வயிறு எரிகிறது. டென்மார்க்கின் ஆர்கானிக் பண்ணைகளில் பால் மறப்பதற்குள் சாகும் குட்டிகள், செத்துப் பிறப்பவற்றையும் சேர்த்தால், கால்வாசிக்குக் குறையாது. பெரும்பாலும் தாய்க்கு அடியில் நசுங்கி. காரணம் தாயின் அலட்சியம் இல்லை. பதினேழு பதினெட்டுக் குட்டி போடும்படி இனத்தை மாற்றிவிட்டார்கள், மடியில் காம்பு அத்தனை கிடையாது. சின்னதாக, நோஞ்சானாகப் பிறக்கிற குட்டி குளிருக்குத் தாயை ஒட்டிப் படுக்கிறது, தாய் புரளும்போது போச்சு. ஷெட்டுக்காகச் செய்த இனத்தை வயலில் கொண்டுவிட்டால் வயல் என்ன செய்யும்? விண்டோஸ் மென்பொருளை லினக்ஸ் பெட்டியில் போட்டுவிட்டு "ஓடலையே" என்று லினக்ஸைத் திட்டுகிற கதைதான். குட்டி எண்ணிக்கை குறைவாகவும் தாய்மை நன்றாகவும் உள்ள இனம் வேண்டும். நல்ல குடில், நிறைய வைக்கோல், வெயிலுக்கு நிழல், புரள சேறு வேண்டும். பன்றிக்கு வியர்க்காது, சேறுதான் அதற்கு ஏசி.

காயடிப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண் பன்றிக் கறியில் ஒரு நாற்றம் வரலாம் என்பதால் பிறந்த சில நாளில் ஆண் குட்டிகளைக் காயடிப்பது ஐரோப்பாவில் வழக்கம். பல ஆர்கானிக் பண்ணைகளிலும்தான். மயக்க மருந்தில்லாமல் காயடிப்பதை ஜெர்மனி 2021 முதல் தடை செய்தது. இங்கிலாந்தில் பொதுவாகக் காயடிப்பதே இல்லை, நாற்றம் வரும் வயதுக்கு முன்பே கறிக்கு அனுப்புகிறார்கள். கத்தியே இல்லாமல் இரண்டு ஊசியில் வேலையை முடிக்கும் தடுப்பூசியும் இருக்கிறது. ஆனால் ஆர்கானிக் உலகில் பலருக்கு ஊசி என்றால் ஒவ்வாமை, அது இயற்கை இல்லையாம். கத்தி இயற்கையா சார்?

இரண்டு பக்கத்துக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பதிவைப் பார்த்ததும் கூண்டுக் கட்சிக்காரர்கள் குதிப்பார்கள் என்று தெரியும். "பார்த்தீங்களா, வெளியே விட்டாலும் எலும்பு உடையுது, நரி பிடிக்குது, குடற்புழு வருது, எங்க கூண்டே பாதுகாப்பு." கொஞ்சம் நில்லுங்க. நரியும் புழுவும் உண்மை. ஆனால் கூண்டிலும்தான் எலும்பு உடைகிறது, மேலே எண் கொடுத்திருக்கிறேன். ஜெயிலில் ரோட்டு விபத்து நடக்காது என்பதற்காக யாரும் ஜெயிலில் குடியேறுவதில்லை. திறந்தவெளியின் குறைகளைத் திருத்த முடியும். மரம் நடலாம், இனத்தை மாற்றலாம், மேய்ச்சல் நிலத்தை மாற்றி மாற்றி விடலாம். கூண்டின் குறை கூண்டேதான். அதில் திருத்த ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கம் இயற்கைப் பக்தர்கள். "இயற்கைன்னா அப்படித்தான் இருக்கும், காட்டுல சாகறதில்லையா" என்பார்கள். ஐயா, காட்டுக்கோழி முந்நூறு முட்டை இடுவதில்லை. காட்டுப்பன்றி பதினெட்டுக் குட்டி போடுவதில்லை. இந்த உடம்பை உருவாக்கியது நாம். உருவாக்கிவிட்டு இயற்கை மேல் பழியைப் போடுவது நழுவல். குடற்புழு வந்த கோழிக்கு மருந்து கொடுத்தால் முட்டையைக் கூடுதல் நாள் விற்க முடியாதே என்று தயங்கினால், அந்த நொடியில் நீங்கள் காப்பாற்றுவது சான்றிதழை. கோழியை இல்லை.

அப்போ என்னதான் பண்ணணும்?

புலம்பிவிட்டுப் போவது என் வழக்கம் இல்லை. என் கோரிக்கை ஒன்றுதான்: விலங்கை அளந்து பார், அதற்குக் காசு கொடு.

இது கனவு இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகமும் ஆர்.எஸ்.பி.சி.ஏ.வும் சாயில் அசோசியேஷனும் சேர்ந்து அஷ்யூர்வெல் என்ற திட்டம் நடத்தினார்கள். சோதனைக்கு வருபவர் வாசல் அகலத்தை மட்டும் அளக்காமல், கூட்டத்திலிருந்து கோழிகளைப் பார்த்து இறகு இழப்புக்கு மதிப்பெண் போட்டார். மதிப்பெண் போட ஆரம்பித்ததும், பண்ணைக்காரர்களே கவனித்து மாற்றங்கள் செய்ய, இறகு இழப்பு குறைந்தது. எதை அளக்கிறோமோ அது திருந்தும் என்பது நம்ம தொழிலில் மட்டும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் 2019-ல் தொடங்கிய பிபிலோ என்ற ஆய்வுத் திட்டம் இந்த ஆர்கானிக், திறந்தவெளிக் கோழி-பன்றிகளுக்காகவே நடந்தது. அதில் பண்ணைக்காரரே கைபேசியில் தன் விலங்குகளை மதிப்பிட பன்றிக்கு பிக்லோ, கோழிக்கு எபீன் என்று செயலிகள் வந்தன. நொண்டுகிறதா, காயம் இருக்கிறதா, இறகு எப்படி என்று கேள்விகள். நம்ம ஆட்கள் பெருமைப்படலாம், ஒரு ஆப்பாவது உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது.

காசு கொடுப்பதற்கும் உதாரணம் இருக்கு. பன்றிகள் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும் என்று வாலை வெட்டிவிடுவது வழக்கம். வழக்கமாக வெட்டக்கூடாது என்று ஐரோப்பியச் சட்டம் இருந்தும் வெட்டு நிற்கவில்லை. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் 2015-ல் ஒரு காரியம் செய்தது. சுருட்டை வால் முழுசாக இருக்கிற பன்றிக்கு ஊக்கத்தொகை, தொடக்கத்தில் தலைக்கு 16.50 யூரோ. எனக்கு இந்தத் திட்டம் ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் வால் பொய் சொல்லாது. இடம் போதாவிட்டால், வைக்கோல் இல்லாவிட்டால், தண்ணீர் சரியில்லாவிட்டால் எல்லாக் கோபமும் பக்கத்துப் பன்றியின் வாலில் வந்து நிற்கும். வால் முழுசாக இருந்தால் வாழ்க்கை ஓரளவு சரியாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதையே முட்டைக்கும் செய்யுங்க. 0, 1 எல்லாம் இருக்கட்டும். கூடவே அந்தக் கூட்டத்தில் எத்தனை கோழிக்கு இறகு முழுசாக இருந்தது, எத்தனை செத்தது, அலகு வெட்டினீர்களா, அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று நாலு வரி போடுங்க. பாஸான பண்ணைக்குக் கூடுதல் விலை கொடுங்க. ஏனென்றால் இந்த வேலை எல்லாம் பண்ணைக்காரர் தலையில்தான் விழுகிறது. வாங்குகிறவன் அம்பது பைசா மிச்சம் பிடித்தால் அந்த அம்பது பைசா எங்கோ ஒரு கோழியின் எலும்பிலிருந்துதான் வருகிறது.

நம்ம ஊருக்கும் இது சம்பந்தமில்லாத கதை இல்லை. நாமக்கல்லில் முட்டைக்கோழி கூண்டில்தான். 2017-ல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையில் முட்டைக்கோழிக் கூண்டுகளைப் பற்றிப் பேசியது. இப்போது சென்னை, பெங்களூர் கடைகளில் ஃப்ரீ ரேஞ்ச் என்று அட்டைப்பெட்டி அடுக்கி, இரட்டை விலை போட்டு விற்கிறார்கள். ஐரோப்பா அறுபது வருஷம் சண்டை போட்டு, வேலியை அளந்துவிட்டு விலங்கை அளக்க மறந்தது. அந்தத் தப்பை அட்டைப்பெட்டியோடு சேர்த்து இறக்குமதி பண்ணிக்க வேண்டாம். அடுத்த முறை அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தால் கடைக்காரரிடம் கேளுங்க: கோழி எங்கே மேயுது, நிழல் இருக்கா, மூக்கு வெட்டினதா, சேவல் குஞ்சு என்ன ஆச்சு? அவருக்குத் தெரியாது. பரவாயில்லை, பத்துப் பேர் கேட்டால் அவர் சப்ளை பண்றவரைக் கேட்பார்.

பி.கு.: "அப்போ முட்டையே சாப்பிடாதே" என்று சொல்ல வரும் சைவ நண்பர்களுக்கு: உங்கள் வாதம் நேர்மையானது, மதிக்கிறேன். ஆனால் நாளைக்கும் கோடிக்கணக்கான கோழிகள் கண் விழிக்கும். அவற்றின் நாள் எப்படிப் போகும் என்பது இந்தப் பதிவின் கேள்வி. பின்னூட்டத்தில் அதைப் பற்றிச் சண்டை போடுவோம், வாங்க.